ஒரு உதறல்!

'ஜாஸ்' படத்தை டி.வி.யில் பார்த்துவிட்டு, ஒரு வாரம் பக்கெட் தண்ணீரைக்கூட சந்தேகத்தோடு பார்த்தவன் நான். 1974-ல் ஸ்பீல்பெர்க் அதைப் படம்பிடித்தது மார்த்தாஸ் வின்யார்ட் என்ற அமெரிக்கத் தீவில். சுறா வெறும் மெஷின்தான். நிஜ வில்லன் வேறே. பெயர் டுலரீமியா. செல்லமாக, முயல் ஜுரம்.

1930-களில் வேட்டைப் பிரியர்கள் வெளி மாநிலங்களிலிருந்து அந்தத் தீவுக்கு முயல்களை வரவழைத்தார்கள். இலவச இணைப்பாகக் கிருமியும் வந்திருக்கலாம் என்கிறார்கள்.

1978-ல் அங்கே ஒரே காட்டேஜில் தங்கிய ஏழு பேருக்கு இந்த ஜுரம். ஆராய்ந்த டாக்டர்களின் சந்தேகம் விழுந்தது யார் மேல் தெரியுமா? வீட்டு நாய்கள் மேல்! வெளியே சுற்றிவிட்டு, ஈரத்தோடு உள்ளே வந்து, ஜம்மென்று ஒரு உதறு. அந்தச் சாரலில் கிருமி காற்றில் கலந்திருக்க வேண்டும். பத்து முதல் ஐம்பது கிருமிகள் மூச்சோடு போனாலே போதுமாம்.

நாய்க்கு? முயலைத் தின்றோ, உண்ணி கடித்தோ தொற்றினாலும் பெரும்பாலும் லேசான ஜுரம், ரெண்டு நாள் சாப்பாடு வேண்டாம், அப்புறம் பழையபடி வாலாட்டல். பி.காம். பாஷையில் சொன்னால் இது டிரான்ஸ்ஃபர் என்ட்ரி. முயல் கணக்கிலிருந்து மனிதன் கணக்குக்கு. நடுவில் நாய், வவுச்சரில் கையெழுத்துக்கூடப் போடாமல்!

2000-ல் அதே தீவில் பதினைந்து பேருக்கு வந்தது. இந்தத் தடவை நாய் நிரபராதி. புல் வெட்டியவர்கள்தான் அதிகம் மாட்டினார்கள். ஒருவர் இறந்தே போனார். இத்தனைக்கும் மருந்து இருக்கிறது. ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் போன்றவை கேட்கும். ஆனால், டாக்டருக்கு முதலில் சந்தேகம் வர வேண்டுமே! 'போன வாரம் எங்க நாய் ஒரு முயலைக் கவ்விட்டு வந்தது, டாக்டர்' என்று நாம் சொல்ல வேண்டும். அந்த ஒரு வரி, உயிர்.

ஜிம்மியைக் கட்டிக்கொண்டு தூங்கும் மாடிவீட்டு மாமாவிடம் இதையெல்லாம் சொன்னேன்.

"நம்ம தெருவுல முயல் ஏதுப்பா?" என்று சிரித்தார்.

"வாஸ்தவம் மாமா. இங்கே பயம் ரேபிஸ்தான். ஜிம்மிக்கு இந்த வருஷ ஊசி போட்டாச்சா?"

மாமா சிரிப்பதை நிறுத்தினார். ஜிம்மி மட்டும் ஒரு தடவை உடம்பை உதறிக்கொண்டது.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.