முட்டை ஒவ்வாமையும் சத்துணவும்

உணவு ஒவ்வாமையுள்ள குழந்தைக்கு அதே உணவை மில்லிகிராம் கணக்கில் கொடுத்து, படிப்படியாக அளவை உயர்த்தி உடலைப் பழக்குவதே வாய்வழி நோயெதிர்ப்புச் சிகிச்சை. வேர்க்கடலை ஒவ்வாமைக்கான பால்ஃபோர்சியா தூளுக்கு அமெரிக்கா 2020-ல் ஒப்புதல் தந்தது. அதன் அளவு 0.5 மில்லிகிராமில் தொடங்கி, நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் வரை உயரும். ஒவ்வாமையை இது அறவே நீக்காது. தவறுதலாகக் கொஞ்சம் கடலை வாய்க்குள் போனால் நேரும் ஆபத்தைக் குறைக்கும், அவ்வளவே. சிகிச்சையின்போதே மூச்சுத்திணறல் வரக்கூடும் என்பதால் தேர்ந்த மருத்துவரும் அவசர மருந்தான அட்ரினலின் ஊசியும் அருகில் இருந்தாக வேண்டும். வீட்டில் செய்துபார்ப்பது பெரும் ஆபத்து.

கவரைப்பேட்டை போன்ற ஊர்களின் பள்ளிகளுக்கு முதல் தேவை இதைவிட எளியது. சத்துணவில் முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் தரும் வழக்கம் ஏற்கெனவே உண்டு. முட்டை, பால், கடலை ஒவ்வாத பிள்ளைகளைச் சேர்க்கையின்போதே குறித்துவைத்து, உடலில் தடிப்பும் மூச்சிரைப்பும் சேர்ந்து கண்டால் உடனே 108-ஐ அழைக்கச் சத்துணவுப் பணியாளர்களுக்குப் பயிற்சி தர வேண்டும்.

– ஒரு வாசகர், கவரைப்பேட்டை