நாதசுரத்துக்கு மாலைக் கச்சேரி எப்போது?

திருவரங்கத்தில் வாழ்ந்த ஷேக் சின்ன மௌலானாவுக்குச் சங்கீத கலாநிதி கிடைத்தது 1998-இல்; அடுத்த ஆண்டே மறைந்தார். அவருடைய மாணவர்களான காலீஷாபி மகபூப் – ஷேக் மகபூப் சுபானி இணையருக்கு 2020-இல் பத்மஸ்ரீ. கிளாரினெட்டைத் தவிலோடு வாசித்த திருச்சி ஏ.கே.சி. நடராசனுக்கு 2022-இல், 90 வயதில். இவர்களைக் காட்டித்தான் 'இசைக்குச் சாதி மதம் கிடையாது' என்கிறார்கள்.

ஆய்வுக்காகத் திருவரங்கத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் மேளக்காரர்களோடு உட்கார்ந்திருந்தேன். இரண்டு நாதசுரம், இரண்டு தவில், தாளம், சுருதிப்பெட்டி. முப்பது வருடமாகச் சேர்ந்து வாசிப்பவர்கள். ஒருவர் மூச்சு விடும் இடத்தில் மற்றவர் எடுத்துக்கொள்கிறார். தோடி விரிந்துகொண்டிருந்தது. யாரோ விரலை ஆட்டினார்: கெட்டிமேளம்! ராகம் அங்கேயே அறுந்தது. கடைசிப் பந்தியில் மூத்த தவில்காரர் சொன்னார்: "தம்பி, எங்கள மங்கலத்துக்குத்தான் கூப்புடுறாங்க. கேக்குறதுக்கு இல்ல."

சபாவிலும் இதே கதைதான். தொடக்க நாளில் மங்கல இசை, அதோடு சரி. மாலையின் முக்கிய நேரம் யாருக்குப் போகிறது என்று டிசம்பர் சீசன் பட்டியலை நீங்களே எடுத்துப் பாருங்கள். விருது இருக்கட்டும். அந்த ஆறு பேருக்கும் மாலையில் மூன்று மணிநேரம் கொடுங்கள். அழைப்பிதழில் தாளம் போடுபவர் பெயரையும் அச்சடியுங்கள்.