இறாலுக்கு இரத்தம் இல்லையா?



குசினியில் இறால் உரித்துக்கொண்டிருப்போம். பக்கத்தில் நிற்கும் மகள் கேட்பாள்: "உம்மா, மீனை வெட்டினால் இரத்தம் வருகிறதே, இறாலுக்கு மட்டும் ஏன் இரத்தம் இல்லை?" வேலை அவசரத்தில் "போய்ப் பாடத்தைப் படி" என்று விரட்டிவிடுகிறோம். அவள் கேட்டதும் பாடம்தான்.

இறாலுக்கும் இரத்தம் உண்டு. அது சிவப்பாக இருப்பதில்லை, அவ்வளவுதான்.

நமது இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமப்பது ஈமோகுளோபின் என்னும் புரதம். அதன் 4 பகுதிகளிலும் ஒவ்வோர் இரும்பு அணு உண்டு. ஓர் இரும்பு அணு ஓர் ஒட்சிசன் மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும்.

முள்ளந்தண்டில்லாத இறால், நண்டு, கணவாய் போன்றவற்றில் இந்த வேலையைச் செய்வது ஈமோசயனின். இதில் இரும்புக்குப் பதிலாகச் செம்பு இருக்கிறது. இரண்டு செம்பு அணுக்கள் எதிரெதிராக நின்று, நடுவில் ஓர் ஒட்சிசன் மூலக்கூறை ஏந்திக்கொள்கின்றன. ஒட்சிசன் சேர்ந்தால் இரத்தம் நீலமாகும். பிரிந்தால் நிறமற்றுப் போகும். அதனால்தான் நம் கண்ணுக்கு அது வெறும் தண்ணீராகத் தெரிகிறது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. நமது ஈமோகுளோபின் சிவப்பணுக்களுக்குள் அடைக்கப்பட்டிருக்கிறது. ஈமோசயனினோ இரத்த நீரில் நேராகக் கரைந்திருக்கிறது. சிறு துண்டுகளாக நிறைந்து மிதந்தால் அவை நீரைத் தம்பக்கம் இழுத்து, உடலின் நீர்ச் சமநிலையைக் குழப்பும். ஆகவே பல துண்டுகள் ஒன்றுகூடிப் பெரிய மூலக்கூறாகின்றன. இறாலில் 6 அல்லது 12 துண்டுகள் சேரும். கணவாயில் 10 நீண்ட துண்டுகள் சேர்ந்து, உள்ளே வெறுமையான உருளையாகும். ஒவ்வொரு துண்டிலும் ஒட்சிசனுக்கு 8 இடங்கள், மொத்தம் 80!

வாங்கி வைத்த இறாலின் தலை கறுப்பதைக் கண்டிருப்பீர்கள். அது அழுக்கல்ல. ஈமோசயனினைப் போலவே இரு செம்பு அணுக்களைக் கொண்ட, அதற்கு உறவான ஒரு நொதியம் காற்றுப்பட்டதும் செய்யும் வேலை அது. உடனே ஐஸில் வைத்தால் கறுப்பது தாமதமாகும். மணம் மாறியிருந்தால் மட்டும் சமைக்க வேண்டாம்.

நமக்கு இரும்பு, இறாலுக்குச் செம்பு. ஒவ்வோர் உயிருக்கும் அதற்கேற்றதை அளந்து கொடுத்திருக்கிறான் வல்ல அல்லாஹ். அவனது படைப்புகளைச் சிந்திக்கும்படி அல்குர்ஆன் நம்மைத் திரும்பத் திரும்ப அழைக்கிறது. அந்தச் சிந்தனை பிள்ளையின் வாயில் ஒரு கேள்வியாகத்தான் முதலில் வருகிறது. பலமுறை விரட்டப்பட்ட பிள்ளை பிறகு கேட்பதையே விட்டுவிடும்.

அடுத்த முறை மகள் கேட்டால், கையைக் கழுவிவிட்டு இரண்டு நிமிடம் அவளுக்குப் பதில் சொல்லுங்கள். கறி கொஞ்சம் பிந்தினாலும் பரவாயில்லை.