நின்று கற்பிப்போர் கால்கள்

விழா மலருக்கு ஒரு கட்டுரை தருக என்று மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபொழுது, தமிழாசிரியர் என்னும் முறைபற்றி இலக்கியப் பொருளொன்றையே அவர்கள் எதிர்நோக்கியிருத்தல் கூடும். கல்லூரியை நிறுவிய பெரியோரின் தொண்டினையும் அதிபர்களின் ஆட்சித்திறனையும் போற்றுதற்கு எம்மினும் வல்லார் பலருளர். யாம் எழுதப் புகுந்தது வகுப்பறைகளிலே ஆண்டாண்டாக நின்ற கால்களைப் பற்றியதாகும்.

கெண்டைக்காலிலே நீலநிறக் கயிறுபோற் புடைத்து நெளிந்து தோன்றும் நோயை நம்மவர் நரம்புச் சுருட்டு என்பர். அது நரம்பன்று. உணர்ச்சியைக் கொண்டுசெல்வது நரம்பு. இரத்தத்தை இதயத்துக்கு மீட்டுக் கொணர்வது நாளம். சொற்பிழை திருத்துதல் எமது தொழிலாதலின் இதனை முதலிற் கூறினோம். ஆயினும் இப்பிழை சொல்லளவில் நிற்கவில்லை. நரம்பிற் கைவைத்தால் கால் இழுத்துப்போகும் என்றோர் அச்சத்தை அது வீடுதோறும் விதைத்துவிட்டது. நாளப்புடைப்பு என்பதே இந்நோய்க்குப் பொருந்திய பெயராம்.

காலிலுள்ள இரத்தம் மேனோக்கி ஏறல் வேண்டும். நடக்கும்போது கெண்டைத்தசை சுருங்கி அதனை மேலே தள்ளுகின்றது. தள்ளிய இரத்தம் கீழே வீழாதவாறு நாளத்தினுள்ளே வால்வுகள் ஒருவழிக் கதவுகளாய் நின்று தடுக்கின்றன. இத்தாலியிலே பாதுவா நகரிற் கற்பித்த பப்ரீசியசு என்பார் இவ்வால்வுகளைப் பற்றி 1603 இல் நூல் வெளியிட்டார். அந்நகரில் அவரிடம் பயின்ற வில்லியம் ஹாவி, அவற்றின் பயனை உணர்ந்து, 1628 இல் இரத்தச் சுற்றோட்டத்தை உலகுக்கு விளக்கினார். ஆசிரியர் கண்ட பொருளுக்கு மாணவர் விளக்கங் கண்டமை எம்போல்வார்க்கு உவப்பளிக்குஞ் செய்தியன்றோ? வால்வு பழுதுறின் இரத்தம் கீழ்நோக்கி வீழ்ந்து தேங்கும், நாளம் புடைக்கும். குடிவழியும் வயதும் மகப்பேறும் உடற்பருமனும் இதற்குக் காரணங்களாம். இவற்றோடு நெடுநேரம் நிற்றலுஞ் சேருமாயின் நோய் விரையும். நடப்பவனுக்குத் தசை துணைசெய்யும். கரும்பலகையின் முன்னே வெண்கட்டியோடு நிற்பவனுக்கு அத்துணையும் இல்லை.

உரோமப் படைத்தலைவன் மாரியசு என்பவனுக்கு இரு கால்களிலும் இந்நோய் இருந்தது. தன்னைக் கட்டவிடாது, அசையாது, முனகாது ஒரு காலை வெட்டக் கொடுத்தான் எனவும், மருத்துவன் மற்றக் காலுக்கு வந்தபோது, இப்பயன் இந்நோவுக்கு ஈடாகாது என்று மறுத்துவிட்டான் எனவும் புளூட்டாக் எழுதிவைத்துள்ளார். அவன் மறுத்தமை அறிவுடைமையே என்பது எமது கருத்து. அவனுக்குப் பின்னும் நெடுங்காலம் நிலைமை பெரிதும் மாறவில்லை. 1907 இல் அமெரிக்க வைத்தியர் பாப்கொக் நாளத்தினுள்ளே கம்பியைச் செலுத்தி அதனை அடியோடு உருவியெடுக்கும் முறையை வெளியிட்டார். கவட்டில் ஒரு வெட்டு, கீழே மற்றொரு வெட்டு, முழு மயக்கம், தொடை முழுதுங் கன்றிய கருமை, கிழமைக்கணக்கான படுக்கை என, அம்முறையே இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியை ஆண்டது. நம் பாட்டன்மார் அஞ்சியது இதனையே. அவர் அச்சத்தை யாம் ஆராயாது பேணி வருகின்றோம்.

எமக்குக் கற்பித்த ஆசிரியர் ஒருவர் வேட்டியை நிலந்தோயக் கட்டுவார். அவர் வகுப்பில் எப்போதும் ஒரு மருந்தெண்ணெய் மணக்கும். கணுக்காலின் மேலே ஆறாத புண்ணொன்றை அவர் ஆண்டுக்கணக்காய் மறைத்து நின்றார் என்பதை அவர் இளைப்பாறிய பின்னரே அறிந்தோம். மூக்கைச் சுளித்துச் சிரித்த சிறுவர் கூட்டத்தில் யாமும் இருந்தோம். நாற்பதாம் வயதில் எமது இடக்காலிலும் அந்நீலக்கொடி படர்ந்தது. யாமும் நான்கு ஆண்டுகள் அதனை வேட்டியில் மறைத்தோம். மாலையிற் கணுக்கால் வீங்கி, தோல் கறுத்து, தினவெடுக்கத் தொடங்கியபோது பழைய எண்ணெய் மணம் நினைவுக்கு வந்தது, வைத்தியரிடஞ் சென்றோம்.

எம்மை நிற்கவைத்தே ஸ்கேன் கருவியாற் காலை ஆராய்ந்தனர். எவ்வால்வு பழுதென்பது திரையிலே தெரிந்தது. பிறிதொரு நாள், முழங்காலின் கீழே ஊசித்துளை வழியாக மெல்லிய லேசர் இழையொன்றை நாளத்தினுட் செலுத்தினர். நாளத்தைச் சூழ விறைப்புமருந்து கலந்த நீரைப் பல இடங்களிற் குத்தி ஏற்றியதே எமக்கு நேர்ந்த நோவு. பின்னர் இழையின் வெப்பம் நாளத்தின் சுவரைச் சுருக்கி மூடிற்று. வெட்டில்லை, தையலில்லை, முழு மயக்கமுமில்லை. அன்று மாலையே நடந்து வீடு வந்தோம். மூடிய வழிக்குப் பதிலாக இரத்தம் எவ்வழிச் செல்லும் என்று வீட்டிற் கேட்டனர். காலின் இரத்தத்திற் பெரும்பகுதி ஆழ்நாளங்கள் வழியாகவே ஏறுகின்றது. பழுதான மேல்நாளம் உதவிக்குப் பதிலாக உபத்திரவமே செய்துகொண்டிருந்தது.

லேசரைப் போலவே 1999 ஆம் ஆண்டளவில் வழக்குக்கு வந்த றேடியோ அலை முறையும் வெப்பத்தாலேயே நாளத்தை மூடுவதாம். இன்று பரவலாயுள்ள கருவி ஏழு சென்றிமீற்றர் நீளத்தை 20 செக்கனுக்கு 120 பாகை செல்சியசிற் சுடுகின்றது. நாளத்தின் சுவரைப் புண்படுத்தி ஒட்டச்செய்யும் மருந்தைக் காற்றோடு கலந்து நுரையாக்கிச் செலுத்துதல் இன்னொரு முறை. இரு ஊசிக்குழாய்களுக்கிடையே மாறிமாறித் தள்ளி அந்நுரையை ஆக்கும் எளிய உபாயத்தை 2000 ஆம் ஆண்டில் இத்தாலியர் தெசாரி வெளியிட்டார். பசையால் ஒட்டும் முறைக்கு அமெரிக்கா 2015 இல் அனுமதி வழங்கிற்று.

இவை மாயவித்தைகள் அல்ல. எமது தொடையில் இரு கிழமை ஒரு கயிறு இழுப்பது போன்ற நோவிருந்தது. சிலர்க்குத் தோல் மரத்துப்போகும். அயலிலுள்ள நரம்பு வெப்பத்தால் தாக்குண்பதே காரணம். (இங்கே நரம்பு என்றது மெய்யான நரம்பையே.) அரிதாக ஆழ்நாளத்தில் இரத்தம் உறைதலும் உண்டு. ஆண்டுகள் கழித்து நோய் மீளலும் உண்டு. தோலின்மேல் நூல்போலத் தெரியும் சிறு கோடுகளுக்கெல்லாம் லேசர் தேடி ஓடுதல் வீண்செலவு. ஆனால் வீக்கமும் கருமையும் தினவும் கண்டபின்னும் எண்ணெய் பூசிக் காத்திருத்தல் தகாது.

இங்கிலாந்தின் சுகாதார வழிகாட்டல் நிறுவனம் 2013 இலேயே வெப்ப முறையை முதலிலும், நுரையை அதன்பின்னும், கத்தியை ஈற்றிலும் வைத்துவிட்டது. அந்நாட்டில் நாளப்புண் கொண்ட 450 பேரை ஆராய்ந்த முடிவு 2018 இல் வெளிவந்தது. கட்டுப்போடுதலோடு இரு கிழமைக்குள் நாளத்தையும் மூடத் திட்டமிடப்பட்டோர்க்குப் புண் ஆறும் இடைநிலைக் காலம் 56 நாள். அதனைப் பிற்போட்டோர்க்கு 82 நாள். இக்கணக்கைப் படித்தபோது எம் ஆசிரியரின் ஆண்டுகளையே எண்ணினோம்.

இனி நம் கல்லூரிக்குரியதைக் கூறுதும். இருந்து கற்பிப்பவர் சோம்பர் என்றோர் எண்ணம் நம்மிடையே எப்படியோ புகுந்துவிட்டது. திண்ணைப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் இருந்தே கற்பித்தார். அவர் மாணவர் கல்வியிற் குறைந்தாரல்லர். வகுப்புக்கொரு கதிரை வேண்டும்; அதில் ஆசிரியர் இருத்தல் குற்றமாகாது என்று அதிபர் அலுவலகம் ஒருமுறை வாய்திறந்து சொல்லுதலும் வேண்டும். பெண்ணாசிரியர்க்கு இது இரட்டிப்பாக வேண்டற்பாலது; மகப்பேற்றுக் காலத்தும் அவர்கள் நின்றே பணிசெய்கின்றனர்.

செலவு பற்றியும் மறைக்கமாட்டோம். நம் நாட்டிலும் இச்சிகிச்சைகள் செய்யப்படுகின்றன. ஆயினும் தனியார் வைத்தியசாலைக் கட்டணம் ஆசிரியர் சம்பளத்துக்கு எளிதன்று. எமக்குக் கூட்டுறவுக் கடன் கைகொடுத்தது. பழைய மாணவருள் வைத்தியர் பலருளர். கட்டடத்துக்கும் விளையாட்டுத்திடலுக்கும் பொருள் திரட்டும் சங்கத்தார், இவ்விழா ஆண்டில் ஒரு சனிக்கிழமை அவ்வைத்தியருட் சிலரை அழைத்து, ஆசிரியர், அலுவலர், காவலாளர், சமையலாளர் ஆகிய அனைவர் கால்களையும் பார்வையிடச் செய்தால் என்ன? நாள் குறித்தறிவிப்பின், மண்டபத்தைத் திறந்து வாங்குகளை ஒழுங்குசெய்யும் பொறுப்பை யாம் ஏற்கின்றோம்.