கணிப்பொறியில் வரையக் கற்போம்!

மூன்றாமாண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

"கலைக் கல்லூரியில் படிக்கும் உனக்கு ரோபோ எதற்கு? கணிப்பொறியில் கருவி வரைவதெல்லாம் பொறியியல் படிப்பவர்களின் வேலை அல்லவா?" என்று என்னைக் கேட்டவர் பலர். அவர்களுக்கு நான் தரும் விடையே இக்கட்டுரை.

என் ஊர் சுந்தரபாண்டியபுரம். குற்றாலத்தில் சாரல் விழும் நாட்களில் எங்கள் வயல்களில் சூரியகாந்தி பூத்துக் குலுங்கும். அதைப் படம் எடுக்க எங்கெங்கிருந்தோ மக்கள் வருவர். பூ முற்றிக் காய்ந்தபின் தடியால் அடித்து விதை பிரிப்பவர்களை அவர்கள் காண்பதில்லை. அவ்வேலையை எளிதாக்கத் தானே இயங்கும் சிறு கருவி ஒன்று செய்வோம் என்றுதான் நாங்கள் ஐந்து மாணவர்கள் குழுவாகச் சேர்ந்தோம்.

முதலில் தாளில் வரைந்தோம். மோட்டாரைத் தாங்கும் தகட்டின் படத்தைப் பட்டறையில் கொடுத்தோம். வரைந்தபடியே வெட்டித் தந்தார்கள். ஆனால் மோட்டார் பொருந்தவில்லை! துளைகள் 2 மில்லிமீட்டர் தள்ளியிருந்தன. தவறு பட்டறையில் இல்லை, எங்கள் படத்தில்! தகடும் வீண், சேர்த்து வைத்த பணமும் வீண். அதன் பின்னரே கணிப்பொறியில் வரையும் மென்பொருளைக் கற்கத் தொடங்கினோம்.

இக்கலை புதியதன்று. 1963-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாண்ட் என்னும் ஆராய்ச்சி மாணவர், ஒளிப்பேனாவால் திரைமீது வரையும் 'ஸ்கெட்ச்பேட்' முறையை உருவாக்கினார். இரு கோடுகள் இணையாக இருக்கட்டும் என்று கட்டளையிட்டால் கணிப்பொறி அதைக் காத்து நின்றது. இன்றும் வழி அதுவே. தட்டையான படத்துக்கு அளவும் நிபந்தனையும் தந்து, பின் கனம் கொடுத்தால் உறுப்பு உருவாகிறது. உறுப்புகளைத் திரையிலேயே கோத்து, ஒன்றையொன்று இடிக்கிறதா என்று பார்க்கலாம். திரையில் நேரும் பிழைக்கு இரும்பு வீணாவதில்லை.

இதன் பயன் பெரிது. கழிவுநீர்த் தொட்டிக்குள் மனிதர் இறங்கி மாளும் கொடுமையைத் தடுக்கச் சென்னை ஐ.ஐ.டி.யில் 'ஹோமோசெப்' என்ற ரோபோவை உருவாக்கினர். முதுநிலை மாணவர் ஒருவரின் இறுதியாண்டுத் திட்டமாகத் தொடங்கிய அது, 2022-இல் துப்புரவுத் தொழிலாளர் குழுக்களின் கைக்கு வந்தது. தொட்டியின் வாய் சிறிது, உள்ளிடம் பெரிது. ஆகவே அதன் அலகுகள் தலைகீழாகப் பிடித்த குடைபோல் மடங்கி நுழைந்து, உள்ளே விரிந்து சுழன்று இறுகிய கசடைக் கலக்குகின்றன. மடங்கினால் எத்தனை அளவு, விரிந்தால் எத்தனை அளவு என்ற கணக்கே அக்கருவியின் உயிர். அத்தகைய கணக்கை, வெட்டுவதற்கு முன்பே கண்முன் காட்டுவதுதான் நாம் பேசும் மென்பொருள்.

ஆனால் நண்பர்களே, பொத்தான்களை மனப்பாடம் செய்வது கற்றலாகாது. நம் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் முதலாண்டிலேயே கையில் எடுக்கும் வெர்னியர் அளவி 0.1 மில்லிமீட்டர் வரை அளக்கும். தகடு வரைந்த நாளில் அதை எடுக்க எங்களில் எவருக்கும் தோன்றவில்லை! மதிப்பெண்ணுக்காக அளந்தோமே தவிர, வாழ்க்கைக்காக அளக்கக் கற்கவில்லை. தவறான எண்ணைக் கொடுத்தால் கணிப்பொறியும் தவறான தகட்டையே அழகாக வரைந்து தரும். வயலின் தூசும் சேறும் திரையில் தெரிவதுமில்லை.

குழுவில் ஒருவர் மட்டும் வரையத் தெரிந்திருப்பதும் போதாது. அவர் விடுப்பில் சென்றால் வேலை நின்றுவிடும். திருகு முடுக்குபவரும் படத்தைப் படிக்க வேண்டும்.

செலவு என்று அஞ்ச வேண்டா. 'ஃப்ரீகேட்' போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. சிற்றூர் என்று தயங்கவும் வேண்டா. தென்காசிக்கு அருகிலுள்ள மத்தளம்பாறையில் அமர்ந்து ஜோஹோ நிறுவனத்தார் உலகுக்கு மென்பொருள் செய்யவில்லையா?

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். வாரத்தில் இரு மாலைகள் கணிப்பொறி அறையைத் திறந்து வையுங்கள். எல்லாத் துறை மாணவருக்கும் தமிழிலேயே கற்றுத் தாருங்கள். வணிகவியல் மாணவர் செலவைக் கணக்கிடட்டும். தாவரவியல் மாணவர் விதையின் இயல்பைச் சொல்லட்டும்.

எங்கள் இரண்டாவது தகடு பொருந்திவிட்டது. கருவி இன்னும் முடியவில்லை. அடுத்த சூரியகாந்தி முற்றுமுன் முடிப்போம். வாருங்கள், சேர்ந்து அளப்போம், சேர்ந்து வரைவோம்!