சந்தன மஞ்சளும் மாங்காய்ப் பசுமையும்

ஸ்விட்சர்லாந்தில் பிறந்த ராபர்ட் ஃபிராங்க், 1955, 1956-ஆம் ஆண்டுகளில் அமெரிக்கா முழுவதும் காரில் சுற்றி எடுத்த பல்லாயிரம் படங்களிலிருந்து 83-ஐ மட்டும் தேர்ந்து, 1958-இல் பாரிஸில் வெளியிட்ட ‘அமெரிக்கர்கள்’ என்னும் நூல், ஒரு பெருந்தேசத்தின் ஜீவனை உணவு விடுதி மேஜையிலும் சாலையோரத்திலும் கண்டுகாட்டியது. நம் தேசத்திற்கு அத்தகைய கைங்கரியம் புரிந்தவர் 1942-இல் ஜெய்ப்பூரில் பிறந்த ரகுபீர் சிங். கங்கையையும் காசியையும் ராஜஸ்தானையும் தமிழ்நாட்டையும் தனித்தனி நூல்களாக்கிய அம்மேதை, வர்ணமின்றிப் பாரதத்தைக் காண இயலாது என்னும் சித்தாந்தத்தைக் கைவிட்டதேயில்லை. ஆயினும், இத்தகைய நூல்களைப் புரட்டும்போதெல்லாம், தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் பேசப்படும் எங்கள் சித்தூர்ச் சீமையை என் கண்கள் தேடுகின்றன. திருப்பதி என்றவுடன் கோபுரத்தையும் பொன் விமானத்தையுமே நாடும் காமிரா, முடியிறக்கிய தலையில் சந்தனம் பூசி, உறங்கும் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு பஸ்ஸுக்காக நிற்கும் தகப்பனையும், ஜூன் மாதத்தில் சித்தூர்ப் பழக்கூழ் ஆலைகளின் வாயிலில், கிளிமூக்கு மாங்காய் ஏற்றிய டிராக்டர்களின் நிழலில் முறைக்காகக் காத்துக் கிடக்கும் குடியானவர்களையும் தவறவிடுவது பெருங்குறையென்றே கருதுகிறேன். அந்தச் சந்தனத்தின் மஞ்சளும் அந்தக் காயின் பசுமையும் எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சாகும் நூலொன்றை எடுக்க அயலூர்க் கலைஞர் எவரும் வரவேண்டியதில்லை. இவ்வூர் ஸ்டுடியோக்களில் கலியாணப் படமெடுக்கும் நம் பிள்ளைகளுக்கே அந்தக் கண் உண்டு.