ஆறு இடம் மாறினால்

ஆற்றை எல்லையாகக் கொள்ளும் நாடுகள் பெரும்பாலும் படகு செல்லும் ஆழப் பகுதியின் நடுக்கோட்டையோ, நீர்ப்பரப்பின் நடுவையோ எல்லையாக ஏற்கின்றன. ஓடும் நீரில் கல் நட முடியாது. எனவே கரைகளில் எண்ணிட்ட தூண்களை நட்டு, அங்கிருந்து அளந்து வரைபடத்தில் கோடு இழுப்பது வழக்கம். சிக்கல், ஆறு இடம் மாறும்போதுதான் தொடங்குகிறது. பெல்ஜியத்துக்கும் நெதர்லாந்துக்கும் இடையே மியூஸ் ஆறு கப்பல் போக்குவரத்துக்காக நேராக்கப்பட்டபோது, பெல்ஜிய நிலம் கொஞ்சம் நெதர்லாந்துக் கரையோடு ஒட்டிக்கொண்டது. அங்கே ஒரு சடலம் கிடந்தபோது பெல்ஜியக் காவலர்கள் படகேறித்தான் போக வேண்டியிருந்தது. 2016இல் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. 2018 ஜனவரி 1 முதல் பெல்ஜியம் சுமார் 16 ஹெக்டேரைக் கொடுத்து, 3 ஹெக்டேரைப் பெற்றுக்கொண்டது. பரப்பளவில் இழப்புதான், ஆனாலும் போலீஸ் எளிதில் போக முடியாத மண்ணைக் கட்டிக்காப்பதைவிட அதுவே விவேகம்.